ஸ்ரீவராகத்துக்கு எத்தனை எழுத்து? கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவோரின் கருவிகளும் வேலைமுறையும்

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே, மணக்காட்டை ஒட்டி அமைந்திருக்கிறது ஸ்ரீவராகம். வராக மூர்த்தி கோயிலும் அதனை அடுத்த பெரிய குளமும் இப்பகுதிக்குப் பெயரையும் அடையாளத்தையும் தந்தவை. கோட்டையைச் சுற்றியுள்ள அக்கிரகாரங்களிலும், சாலைக் கடைத்தெருவிலும், கரமனையிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பிற்காலத்தில் உத்தியோகத்துக்காகவும் கூலி வேலைக்காகவும் வந்து சேர்ந்தவர்களும் பலர்.

இவர்களில் எவரேனும் தம் வீட்டு முகவரியை எழுத வேண்டுமானால் மூன்று விதமாக எழுத நேரிடுகிறது. உள்ளூர் அலுவலகங்களுக்கு மலையாளம். பாங்குக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஆங்கிலம். தமிழ்ச் சங்கத்துக்கும், நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ உள்ள உறவினர்களுக்கும் தமிழ். தமிழிலேயே சிலர் ‘ஸ்ரீவராகம்’ என்பர். சிலர் ‘ஸ்ரீவராஹம்’ என்பர். வடமொழி எழுத்தைத் தவிர்ப்பவர்கள் ‘சீவராகம்’ என்பர். தபால்காரர் எப்படி எழுதினாலும் புரிந்துகொண்டு கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பெயரைத் தட்டித் தேடினால் “அப்படி எவரும் இல்லை” என்று திரை சொல்லும். பெயரோ பட்டியலில் கண்முன்னே இருக்கும். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலானால் தொந்தரவோடு போயிற்று. பென்ஷன், ரேஷன், வாக்காளர் பட்டியல் என்றால் உரிமையே கேள்விக்குரியதாகிவிடும். இத்தகைய ஒரு பிழையைப் புரோகிராம் எழுதுவோர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்த்தால் அவர்களது தொழில் முழுவதுமே ஒருவாறு விளங்கிவிடும். அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு அது அன்னியமாகவும் தோன்றாது.

பத்துக் குறிகள், முப்பது பைட்டுகள்

‘ஸ்ரீவராகம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ‘ஸ்ரீ’யை ஒரே எழுத்தாகக் கொண்டால் ஐந்து என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். கம்ப்யூட்டரைக் கேட்டால் பத்து என்று சொல்லும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் முறைக்கு யூனிகோட் என்று பெயர். அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. க, ங, ச போன்ற அகர மெய்களுக்கும், உயிர்களுக்கும், புள்ளி, கால், கொம்பு, விசிறி முதலிய குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. ‘கி’ என்ற எழுத்துக்குத் தனி எண் இல்லை. ‘க’வின் எண்ணும் இகரக் குறியின் எண்ணும் அடுத்தடுத்து வந்தால் ‘கி’ என்று திரையில் தெரியும்.

இந்தக் கணக்கில் ‘ஸ்ரீ’ என்பதில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என நான்கு, ‘வ’ ஒன்று, ‘ரா’ இரண்டு, ‘க’ ஒன்று, ‘ம்’ இரண்டு. ஆக, பத்து. இவற்றைச் சேமித்து வைக்கப் பெரும்பாலும் கையாளப்படும் யு.டி.எஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். எனவே ஐந்தெழுத்துச் சொல் முப்பது பைட் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இந்த முறையை 1992ஆம் ஆண்டில் கென் தாம்சன், ராப் பைக் என்ற இரு நிபுணர்கள் உருவாக்கினர்.

ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் கொண்டு, ஊர்ப் பெயருக்கு இருபது பைட் போதும் என்று ஒருவர் ஏற்பாடு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இருபது எழுத்து தாராளம். தமிழிலோ ஆறு குறிகளுக்குமேல் அதில் அடங்காது. ‘ஸ்ரீவர’ என்பதோடு பெயர் அறுந்துபோகும்; மிஞ்சிய இரண்டு பைட்டுகள் பொருளற்ற கட்டமாகத் திரையில் விழும்.

ஒன்றுபோல் தெரியும் இரண்டு

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டில் யூனிகோடின் 4.1ஆம் பதிப்பில் ‘ஶ’ என்ற கிரந்த எழுத்து தமிழ்ப் பகுதியில் சேர்க்கப்பட்டது. அதுவரை ‘ஸ’வை முதலாகக் கொண்டு எழுதப்பட்ட ‘ஸ்ரீ’யை, அதன்பின் ‘ஶ’வை முதலாகக் கொண்டும் எழுதலாம் என்றாயிற்று. ஸ்ரீ, ஶ்ரீ என்ற இவ்விரண்டும் பல எழுத்துருக்களில் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். உள்ளே உள்ள எண்கள் வேறு. முதல் வகையில் எழுதப்பட்ட ஸ்ரீவராகத்தை இரண்டாம் வகையில் தட்டித் தேடினால் கிடைக்காது.

மலையாளத்திலிருந்து தமிழுக்கு எழுத்துக்கு எழுத்து மாற்றும் புரோகிராம்களால் இந்தச் சிக்கல் கேரளத்தில் கூடுதலாக எழக்கூடும். மலையாளத்தில் இப்பெயர் ‘ஶ’வுக்கு இணையான எழுத்தில் தொடங்குகிறது. இயந்திரம் அதை அப்படியே தமிழில் ‘ஶ’ என்று எழுதிவிடும். தமிழர் கையால் தட்டும்போது பெரும்பாலும் ‘ஸ’ வரும்.

கௌரி என்ற பெயரைக் கவனித்தாலும் இதே கதைதான். ஔகாரக் குறியை முறைப்படி இட்டவர்களும் உண்டு. ஒற்றைக் கொம்பு, க, அப்புறம் ‘ள’ என்று தட்டியவர்களும் உண்டு. கௌரி, கெளரி இரண்டையும் பார்த்து வித்தியாசம் சொல்லக் கண்ணாடி போட்டவர்களாலும் இயலாது.

அகர வரிசையிலும் கோளாறு உண்டு. யூனிகோட் எண் வரிசைப்படியே பெயர்களை அடுக்கினால் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வரும். ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ வரும். நெடுங்கணக்குப்படி ற, ன இரண்டும் கடைசியில் அல்லவா வர வேண்டும்? இதற்கென்றே மொழிவாரியாக வரிசைப்படுத்தும் கருவிகள் தயாராக இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிந்திருப்பதே தேவை.

முதலில் புகார்ப் பதிவேடு

“தேடினால் வரவில்லை” என்று உறுப்பினர் ஒருவர் புகார் செய்கிறார். நல்ல நிறுவனங்களில் இது வாய்மொழியாக நின்றுவிடாது. அலுவலகத் தபாலுக்கு எண் போடுவதுபோல் ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுத்து ஒரு பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். தன்பதிவேடு எழுதிப் பழகிய குமாஸ்தாவுக்கு இது உடனே விளங்கும். யாரிடம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எப்போது முடிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

புகார் எழுதுவதற்கும் முறை உண்டு. என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். “சரியாக வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. அதே பிழையைத் தன் மேஜையில் மறுபடி உண்டாக்கிப் பார்ப்பதே திருத்துபவரின் முதல் வேலை. உண்டாக்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து, உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பின் பைட்டுகளை அப்படியே எண்ணாகக் காட்டும் சிறு கருவிகள் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் கூடவே வருகின்றன. 1991ல் வெளியான பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் இரண்டே வரி எழுதினாலும் போதும். ஒவ்வொரு குறியின் எண்ணும் பெயரும் வரிசையாக வந்துவிடும். ஒன்றில் 0பிபி8, மற்றதில் 0பிபி6 என்று முதல் எண்ணே வேறாக இருப்பது அப்போது தெரிந்துவிடும். கண்ணை நம்பாமல் எண்ணை நம்புவது இத்தொழிலின் பாலபாடம்.

பட்டியல்களில் எங்கெங்கு எந்த வகை இருக்கிறது என்று அலசுவதற்கு ‘கிரெப்’ என்ற கருவி உண்டு. யூனிக்ஸ் முறையோடு 1970களில் பிறந்த இக்கருவி, ஆயிரக்கணக்கான கோப்புகளிலும் கேட்ட சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். அரை நூற்றாண்டு கழிந்தும் அன்றாடம் உபயோகத்தில் இருக்கிறது.

கோப்பும் குறிப்பும் போல

காரணம் தெரிந்தாயிற்று. இனிப் புரோகிராமைத் திருத்த வேண்டும். இங்கேதான் ‘கிட்’ என்ற கருவி வருகிறது. புரோகிராம் எழுதுவோரின் கருவிகளில் ஒன்றை மட்டும் கற்பதானால் இதைக் கற்கலாம் என்று சொல்லத் தக்கது.

அரசு அலுவலகத்தில் நடப்புக் கோப்பு ஒன்றும் குறிப்புக் கோப்பு ஒன்றும் இருக்கும். யார் என்ன எழுதினார், எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக என்பது குறிப்பில் இருக்கும். பழைய தாளைக் கிழித்தெறிய எவருக்கும் அதிகாரம் இல்லை. கிட் செய்வதும் இதுவே. புரோகிராமில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் செய்தவர் பெயர், நேரம், காரணம் ஆகியவற்றோடு பதிவாகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் பொதுவாக நாற்பது இலக்க அடையாள எண் ஒன்றும் உண்டு. பழைய பதிவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் எண் மாறிவிடும், மோசடி வெளியாகிவிடும்.

இதனை உருவாக்கியவர் பின்லாந்தில் பிறந்த லினஸ் டொர்வால்ட்ஸ். 1991ல் லினக்ஸைத் தொடங்கிய அதே மனிதர். லினக்ஸ் திருத்தங்களைப் பதிவுசெய்ய அவரும் அவரது கூட்டாளிகளும் ஒரு நிறுவனத்தின் கருவியை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2005ல் அந்தச் சலுகை நின்றுபோயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் சில நாட்களுக்குள் அவர் கிட்டின் முதல் உருவை எழுதி முடித்தார். இன்று பெரிய நிறுவனங்கள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை இதனையே கையாள்கின்றனர்.

திருத்துபவர் நேரடியாகத் தூய நகலில் கை வைப்பதில்லை. ‘கிளை’ ஒன்றைப் பிரித்துக்கொள்கிறார்; வரைவு எழுதத் தனித்தாள் எடுப்பதைப் போல. எத்தனை அடித்தல் திருத்தல் நேர்ந்தாலும் மூலத்துக்குச் சேதமில்லை. இரண்டு பதிப்புகளுக்கிடையே என்ன மாறியது என்று கேட்டால் ‘டிஃப்’ என்ற கட்டளை மாறிய வரிகளை மட்டும் காட்டும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்புநோக்க வேண்டிய வேலையைக் கணப்பொழுதில் அது முடித்துவிடுகிறது.

‘பைசெக்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. போன மாதம் சரியாக இருந்த புரோகிராம் இந்த மாதம் கெட்டுவிட்டது; நடுவில் ஆயிரம் திருத்தங்கள். எது காரணம்? நடுப் பதிப்பை எடுத்துச் சோதிக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் கோளாறு பின்பாதியில்; இல்லையேல் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் சுமார் பத்துச் சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

சோதனை முதலில், திருத்தம் பிறகு

அனுபவசாலிகள் திருத்தத்தை எழுதுமுன் சோதனையை எழுதுகிறார்கள். “ஸ்ரீவராகம் என்று எவ்வகையில் தட்டினாலும் அதே உறுப்பினர் வர வேண்டும்” என்பதைப் புரோகிராம் மொழியில் எழுதி ஓட்டுகிறார்கள். இப்போது அது தோற்க வேண்டும். தோற்றால்தான் சோதனை சரியானது என்று பொருள். பிறகு திருத்தம் எழுதப்படுகிறது; அதே சோதனை தேறுகிறது. சோதனை அழிக்கப்படுவதில்லை. நாளை வேறொருவர் தெரியாமல் எதையாவது கெடுத்தால் அது காவலாளிபோல் கூச்சலிடும்.

திருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் யோசனை தேவை. பட்டியலில் உள்ள எல்லா ‘ஶ்ரீ’யையும் ‘ஸ்ரீ’ ஆக்கிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். அது தவறு. ஒருவர் தம் பெயரை எப்படி எழுதிக் கொடுத்தாரோ அப்படியே இருப்பது அவரது உரிமை. சான்றிதழோடு ஒத்துப்பார்க்கும்போது வேறுபாடு தெரிந்தால் அலைச்சல் அவருக்குத்தான். ஆகவே மூலப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, தேடுவதற்கு மட்டும் பக்கத்தில் வேறொரு பத்தியைச் சேர்ப்பதே முறை. அதில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து வைக்கலாம். யூனிகோடே வகுத்துள்ள சீராக்கும் முறை ‘கொ’ போன்றவற்றில் உள்ள வேறுபாட்டைத் தீர்த்துவிடும். ஸ்ரீ, கௌரி விஷயங்களை அது தீர்க்காது. அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவசத் தொகுப்பு பைத்தானில் கிடைக்கிறது.

மேல்பார்வை

எழுதியவரே தம் வேலையைச் சரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. வரைவு சூப்பிரண்டெண்டிடம் போவதுபோல் இதுவும் மற்றொருவர் பார்வைக்குப் போகிறது. அவர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்கிறார். பதில்கள் எழுத்திலேயே பதிவாகின்றன. 2008ல் தொடங்கப்பட்ட கிட்ஹப் போன்ற தளங்கள் இதற்கு வசதி செய்து தருகின்றன. அதே நேரத்தில் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் இதுவரை எழுதப்பட்ட எல்லாச் சோதனைகளையும் தானாகவே ஓட்டிப் பார்க்கிறது. இரண்டும் தேறினால் திருத்தம் மூலத்தோடு சேர்கிறது. சேர்த்தபின் வில்லங்கம் தெரிந்தாலும் ‘ரிவர்ட்’ என்ற ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அப்படித் திரும்பியதும் பதிவேட்டில் இருக்கும்.

இப்போது செயற்கை அறிவுக் கருவிகளிடம் தமிழிலேயே கேட்டாலும் புரோகிராம் எழுதிக் கொடுக்கின்றன. வேலை விரைவாகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை தருவதும் வரைவுதான். ஸ்ரீயில் இரண்டு வகை உண்டு என்பதை அது கவனித்ததா என்று பார்க்கும் பொறுப்பு மனிதருடையது. சோதனையும் மேல்பார்வையும் முன்னைவிட இப்போதே அதிகம் வேண்டியிருக்கின்றன.

கேரளத்தில் உள்ள வாய்ப்பு

திருவனந்தபுரத்தின் வடக்கே கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா இதுவே. 1995ல் பிரதமர் நரசிம்ம ராவ் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர்கள் பலருக்கு இன்று இது அருகிலுள்ள பெரிய வேலைக்களம்.

அதிகம் பேசப்படாத மற்றொரு சிறப்பும் இந்நகருக்கு உண்டு. எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கொள்கையுடன் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் அறிவித்த இயக்கம் கட்டற்ற மென்பொருள் இயக்கம். அதன் இந்தியக் கிளை 2001 ஜூலையில் அவர் முன்னிலையில் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். கேரள அரசுப் பள்ளிகளுக்காக அதே 2001ல் தொடங்கி 2017ல் ‘கைட்’ என்ற நிறுவனமாக மாறிய அமைப்பு, பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸையே கையாள்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக 2018ல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களும் ஏற்பட்டன. கேரளத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இந்தப் பயிற்சி பொதுவானது.

மலையாள எழுத்தைக் கம்ப்யூட்டரில் செம்மைப்படுத்த ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற தொண்டர் குழு உழைத்து வருகிறது. சம்பளமின்றிச் சேர்ந்த மாணவர்களும் பொறியாளர்களும் எழுத்துருக்களையும் கருவிகளையும் உண்டாக்கினர். அவர்களது மீரா எழுத்துருவின் தமிழ் உடன்பிறப்பான ‘மீரா இனிமை’யும் இலவசமாகக் கிடைக்கிறது. கேரளத்துத் தமிழர் தம் மொழிக்கு இங்கிருந்தே என்ன செய்யலாம் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்தது. அந்தக் கடிதங்களும் பெயர்களும் கம்ப்யூட்டரில் பிழையின்றி ஏற வேண்டுமானால், தமிழ் தெரிந்தவர்கள் புரோகிராம் எழுதவும் புகார் எழுதவும் முன்வர வேண்டும்.

செலவு எவ்வளவு?

மேலே சொன்ன கருவிகள் எதற்கும் விலை இல்லை. லினக்ஸ், பைத்தான், கிட், கிரெப் யாவும் இலவசம். புரோகிராம் தட்டுவதற்கான எடிட்டர்களில் விம், ஈமாக்ஸ், 2015ல் வந்த வி.எஸ். கோட் ஆகியவையும் காசின்றிக் கிடைக்கின்றன. புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் நல்ல நிலையில் உள்ள பழைய லாப்டாப்பில் எளிய லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டுத் தொடங்கலாம். லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றை எளிய தமிழில் விளக்கும் இலவச மின்னூல்களைக் கணியம் அமைப்பு வெளியிட்டிருக்கிறது.

தட்டச்சு தேறிய குமாஸ்தாக்களுக்கு ஒரு சௌகரியம். பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் விசை அமைப்பிலேயே கம்ப்யூட்டரில் தட்டலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு 1999ல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை எளிது.

முதல் மாதத்தில் செய்து பழகச் சில வேலைகள்: சொந்தக் குறிப்புகள் அடங்கிய ஒரு கோப்புறையைக் கிட்டில் போட்டு, தினமும் ஒரு திருத்தத்தைக் காரணத்தோடு பதிவு செய்யலாம். குடும்பத்தார் பெயர்களை ஒரு பட்டியலாகத் தட்டி, பைத்தானில் அகர வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ற, ன எங்கே விழுகின்றன என்று தெரியும். தம் ஊர்ப் பெயரில் எத்தனை குறிகள், எத்தனை பைட்டுகள் என்று எண்ணலாம். பழைய பதிப்பை மீட்டெடுத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் கற்றுக்கொண்டபின், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையோ வாசகசாலையின் புத்தகப் பட்டியலையோ அவர்களிடம் கொடுத்து, ஸ்ரீயும் கௌரியும் தேடினால் கிடைக்கும்படி செய்யச் சொல்லலாம். வேலைக்கு நேர்முகம் போகும்போது சான்றிதழோடு காட்ட அதுவும் ஒரு வேலையாக இருக்கும்.